அரிசி மில்லில் கெட்டிக்கார மெஷின்காரர் யார்?

கிழக்கிலங்கையில் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் பெரும்போக நெல் மில்லுக்கு வந்து குவியும் நாட்களில் இரண்டு வகை மெஷின்காரரைப் பார்க்கலாம். ஒருவர் வேகக்காரர், பின்னேரம் அதிக மூட்டை காட்டுவார், முதலாளிக்கும் சந்தோஷம். மற்றவர் கவனக்காரர்; மூட்டை கொஞ்சம் குறையும்.

வித்தியாசம் நெல்லைக் கொட்டுமுன்பே தொடங்குகிறது. வேகக்காரர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, "காஞ்சிட்டு" என்று ஓடவிடுவார். கவனக்காரர் மூட்டையின் நடுவிலும் அடியிலும் மாதிரி எடுத்து மீட்டரில் பார்ப்பார். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் நெல் திரும்பக் களத்துக்குத்தான். ஈரநெல் நசுங்கி உடையும். அவசரமாகக் கடும் வெயிலில் காயவைத்தாலும் உள்ளே வெடித்துக் குறுணலாகும்.

அடுத்தது உமி உரிக்கும் ரப்பர் ரோல் சோடி. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அந்த வேக வித்தியாசம்தான் உமியை உரிக்கிறது. இடைவெளி கூடினால் நெல் உரியாமல் வரும். இறுக்கினால் அரிசி உடையும், ரோலும் சீக்கிரம் தேயும். வேகக்காரர் காலையில் ஒருதரம் திருகிவிட்டு மறந்துவிடுவார். கவனக்காரர் அரைமணிக்கொருதரம் ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்பி, உரியாத நெல்லையும் உடைந்ததையும் பிரித்துப் பார்ப்பார். சம்பா நெல் முடிந்து நாடு ரக நெல் வந்தால் இடைவெளியையும் மாற்றுவார்.

மாவுக்குப் போகும் அரிசிக்கு வேகக்காரர் போதும். கடைக்குப் போகும் சம்பாவுக்குக் கவனக்காரர்தான் வேண்டும். மூட்டைக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்துவிட்டுக் கவனமில்லை என்று ஏசும் முதலாளியில்தான் முதல் பிழை. குறுணலையும் நிறுத்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.