குமிழ்நிலை அழுத்தம்: ஸ்டாண்டிங் சூத்திரமா, வாஸ்குவெஸ்–பெக்ஸ் சூத்திரமா?

கிணற்றடி மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்க இயலாதபோது, கரைந்த வாயு–எண்ணெய் விகிதம், வாயுவின் ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி), எண்ணெயின் ஏ.பி.ஐ. பாகை (எண்ணெய் எவ்வளவு இலேசானது என்பதைக் காட்டும் அளவு), தேக்கப் பாறையின் வெப்பநிலை ஆகிய நான்கைக் கொண்டே குமிழ்நிலை அழுத்தத்தை (அழுத்தம் குறையும்போது எண்ணெயில் கரைந்த வாயு முதன்முதலாகக் குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தத்தை) கணிக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியா எண்ணெய்களை வைத்து 1947இல் ஸ்டாண்டிங் தந்த சூத்திரம் எளிமையானது. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு, கரியமில வாயு போன்றவை மிகுந்த எண்ணெய்க்கு அதை அப்படியே நம்பக் கூடாது. 1980இல் வெளியான வாஸ்குவெஸ்–பெக்ஸ் சூத்திரமோ உலகின் பல வயல்களின் தரவுகளிலிருந்து உருவானது. 30 பாகையை எல்லையாகக் கொண்டு, கனமான எண்ணெய்க்கும் இலேசான எண்ணெய்க்கும் தனித்தனி மாறிலிகளைத் தருகிறது. வாயுவின் ஒப்படர்த்தியை 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) பிரிகலன் (எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் கலன்) அழுத்தத்துக்குத் திருத்திக்கொள்ளச் சொல்வதே அதன் உண்மையான பலம் என்பேன். பிரிகலனின் அழுத்தமும் வெப்பநிலையும் பதிவாகாத பழைய வயல்களில் அத்திருத்தத்துக்கு வழியில்லை. அங்கே ஸ்டாண்டிங்கே போதும்.