ஸ்டென்ட் கேட்டுப் போன இடத்தில்

இந்த முறை கொழும்பில் நின்ற நாட்களில் பாதி மாமாவின் நெஞ்சுக்கே போய்விட்டது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் பழுதான ஒரு நாள் படியேறியபோது நெஞ்சு இறுக்கியிருக்கிறது. நின்றால் விட்டுவிடும், ஏறினால் திரும்ப வரும். விஷயம் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போனதும் டொரொன்டோ அக்காவும் லண்டன் அண்ணாவும் ஒரே குரலில், "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, ஸ்டென்டைப் போடுங்கோ" என்றார்கள். அடைத்த இதயக் குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட். அலைச்சல் மட்டும் என் பங்கு.

கொழும்பில் இதய டொக்டரைச் சனல் பண்ணுவது, அதாவது தனியாரில் பார்க்கப் பதிவது, சுலபம், ஃபோனிலேயே நம்பர் எடுக்கலாம். ஆனால் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை முடித்துவிட்டுத்தான் அவர்கள் பின்னேரம் தனியாருக்கு வருகிறார்கள். துண்டில் ஆறு மணி என்று இருக்கும், உள்ளே போகும்போது ஒன்பது தாண்டும். அதற்கிடையில், டொக்டரைக் காணுமுன்பே கவுண்டரில் இருந்த பிள்ளை 'ஹார்ட் பேக்கேஜ்' என்று நீளப் பட்டியல் ஒன்றை நீட்டினாள். என் சப்பாத்தைப் பார்த்தே வெளிநாடு என்று கண்டுபிடித்திருப்பாள். டொக்டர் சொல்லட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் எழுதியது அதில் கால்வாசிகூட இல்லை: ஈசிஜி, இதயம் பம்ப் பண்ணுவதை ஸ்கேனில் பார்க்கும் எக்கோ, ரத்தப் பரிசோதனை, பிறகு இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி அஞ்சியோகிராம்.

முடிவுகளோடு திரும்பப் போனபோது மாமா நேரடியாகவே கேட்டார்: "டொக்டர், ஸ்டென்ட் எப்ப போடுறது?"

"ஏன் ஐயா போடவேணும்?"

ரிப்போட் உறையைத் திருப்பி, டொக்டர் போல்பொயின்ட் பேனாவால் இதய ரத்தக் குழாய் ஒன்றை வரைந்தார். ஒரு பெரிய அடைப்பு, அதற்குக் கீழே சின்னச் சின்னதாக நாலைந்து மேடுகள். படியேறும்போது இறுக்குவது பெரிய அடைப்பால். ஆனால் மாரடைப்பு அநேகமாக, பெரிதாகக் குறுக்காத ஒரு கொழுப்பு மேடு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் வருகிறது. ஸ்டென்ட் போட்டால் ஒரு இடம் விரியும். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோவாஸ்டட்டின் குளிசை குழாய் முழுவதற்கும் வேலை செய்யும். இடது பக்கப் பிரதான குழாயில் அடைப்பு இருந்திருந்தாலோ, இதயத்தின் பம்ப் மோசமாகப் பலவீனப்பட்டிருந்தாலோ கதை வேறு. சிடி எடுத்ததும் எக்கோ பார்த்ததும் அதற்காகத்தான்.

இது அவருடைய சொந்தக் கருத்து இல்லை. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், மாமாவைப் போல, திடீரென்று மோசமாகாமல் ஒரே நிலையில் நிற்கிற இதய நோய் உள்ள 5179 பேரை, மருந்து மட்டும் கொடுத்த பகுதி, மருந்தோடு ஸ்டென்டோ பைபாஸோ செய்யும் நோக்கில், உடலுக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் அஞ்சியோகிராமுக்கு அனுப்பிய பகுதி என்று இரண்டாகப் பிரித்தார்கள். சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்று மேல் கவனித்தும், மாரடைப்பிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அடிக்கடி நெஞ்சு நோ வந்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது வழியில் நோ நன்றாகக் குறைந்தது. அதனால்தான் டொக்டர் கதவைச் சாத்தவில்லை: "மருந்துக்கு அடங்காட்டி வாங்கோ, அப்ப போடுவம்."

மாரடைப்பே வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், ஆனால் நேரத்துக்குப் போடவேண்டும். முதல் மருத்துவ உதவி கிடைத்து 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறப்பது இலக்கு. அதற்கு வழியில்லாத இடத்தில் உறைவைக் கரைக்கும் ஊசி. நம் ஆட்கள் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? "காஸ்" என்று சொல்லி ஜிஞ்சர் பியர் குடித்துவிட்டுப் படுப்பார்கள். 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் சும்மா வரும். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கியது, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. மாமாவின் ஃபோனில் அந்த நம்பர் இல்லை. மாமி குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டினா.

அப்புறம் மருந்து. ஆஸ்பிரின், அட்டோவாஸ்டட்டின், பிசோபுரோலோல், நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை, ஏற்கனவே எடுக்கிற பிரஷர் மருந்துகள். தனியாரில் பார்த்த அதே டொக்டர், "காலமை அரசாங்க ஆஸ்பத்திரியில என்ர கிளினிக்குக்கு வாங்கோ, மருந்து சும்மா தருவினம்" என்றார். விடியப் போய் வாங்கில் இருக்கவேண்டும், கிளினிக் கொப்பியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு மாதமும் கூப்பிடுவதால் மருந்து விட்டுப்போகாது. முன்பு கொலஸ்ட்ரோல் இறங்கிவிட்டது என்று தானாகவே குளிசையை நிறுத்திய மனிதருக்கு, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வைத்தியம்.

பிரஷருக்கு மூன்று பெட்டி, மூன்று நேரம் என்று மாமா அலுத்துக்கொண்டார். அதற்கும் மறுமொழி இந்த நாட்டிலேயே தேடியிருக்கிறார்கள். மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்து, இலங்கையின் நகர்ப்புற ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரிடம் சோதித்த டிரையம்ஃப் ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதத்தினருக்குப் பிரஷர் இலக்குக்கு வந்தது. வழமையான சிகிச்சையில் 55 வீதம். அதே வழியில் வந்த இன்னொரு மூன்று மருந்துக் குளிசையை அமெரிக்கா 2025 ஜூனில் அங்கீகரித்தது. ஆராய்ச்சி எல்லாம் தங்கள் ஊரில்தான் நடக்கிறது என்று நினைக்கும் லண்டன் அண்ணாவுக்கு இதைத் தனியாக அனுப்பினேன். பெருவிரல் மட்டும் வந்தது.

அக்காவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அவ சொன்னதற்காக இன்னொரு டொக்டரையும் சனல் பண்ணினோம். அவரும் ஸ்டென்ட் இப்போது வேண்டாம் என்றார். மாமாவுக்குச் சுகரும் இருப்பதால் எம்பாகிளிஃப்ளோசின் சேர்க்கலாம் என்றார். சுகர் மருந்தாக வந்தாலும், சுகரோடு இதய நோயும் உள்ளவர்களில் இதய இறப்பைக் குறைப்பதாக 2015இலேயே காட்டிய மருந்து.

"அதுவும் கிளினிக்கில சும்மா தருவினமோ?" என்று மாமி கேட்டா. கிளினிக்கில் அப்போது அது இருக்கவில்லை, வெளியில்தான் வாங்கவேண்டும். ஸ்டென்டுக்கு என்று அக்கா ஒதுக்கிய காசு இப்போது மாதாமாதம் காலி வீதிப் பாமசிக்குப் போகிறது.