டீசலில் இறங்கிய நீர்: வடிப்பதா, வடிகட்டுவதா, மருந்து ஊற்றுவதா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும் வாரத்தில் ஓர் எஞ்சின் திணறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டேங்கின் அடியில் நிற்கும் தண்ணீரைத்தான். பாதி காலியாக விட்ட டேங்கினுள் இருக்கும் காற்றின் ஈரம், இரவில் உட்சுவரில் வியர்த்து வழிந்து, டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடுகிறது.

செலவில்லாத வழி, வடிப்பது. படகை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் எஞ்சினை இயக்கும் முன் டேங்கின் அடித்திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீரும் டீசலும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்தால் போதும். பால்போல் கலங்கியிருந்தால் நீர் நுண்துளிகளாகக் கலந்திருக்கிறது. அதை வடித்து மட்டும் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே கருப்பாக, கொழகொழவென்று ஒரு படலம் தெரிந்தால் அங்கே நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. அப்போது டேங்கைக் காலி செய்து கழுவுவதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது வடிகட்டுவது. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசலில் உள்ள நீரைப் பிரித்து, தன் அடிக்கிண்ணத்தில் தேக்கும் வடிகட்டியான வாட்டர் செப்பரேட்டருக்குக் காசு செலவாகும். ஆனால், அலையில் டேங்க் குலுங்கி அடியில் கிடந்த நீர் கிளம்பும் நேரத்தில், நடுக்கடலில் எஞ்சினைக் காப்பது அது ஒன்றுதான். அதன் கிண்ணத்தை நாள்தோறும் வடிக்காமல் விட்டால், நிரம்பிய நீர் பம்புக்கே போய்விடும். சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் அமைந்த பம்ப் உறுப்புகள் கொண்ட பழைய இன்லைன் பம்ப் எஞ்சின்கள் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், டீசலையே மசகாகக் கொண்டு இயங்கும் காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும்) எஞ்சின்கள் பொறுக்கவே மாட்டா.

மருந்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீரை நுண்துளியாக்கி டீசலோடு கலந்துவிடுவது ஒரு வகை. சிதறிய துளிகளை ஒன்றுசேர்த்து அடியில் இறக்குவது அதற்கு நேர் எதிரான மற்றொரு வகை. முதல் வகையை ஊற்றினால் செப்பரேட்டராலும் நீரைப் பிரிக்க இயலாமல் போய், அது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை சென்று, அதன் நாசில் நுனியில் சட்டென ஆவியாகி விரிந்து நுனியையே உடைத்துவிடலாம். இரண்டாம் வகை பயனுள்ளது. ஆனால் அது இறக்கிய நீரை வெளியேற்ற மீண்டும் அதே அடித்திருகைத்தான் திறந்தாக வேண்டும்.