மோரிஸ் மைனரின் பழைய ஸ்டார்ட்டர்: கழற்றும் முன் காது கொடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கும் காயிலை (கம்பிச்சுருளை) மறுபடி கட்டக் கொடுத்துவிடுவார்கள். என் 1098 சிசி மோரிஸ் மைனரைப் பல வருடமாக ஓட்டியதில் நான் கண்டது, பெரும்பாலும் கோளாறு காயிலில் இருப்பதில்லை. மோட்டாருக்கு முன்னால் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்திலும், அது போய்க் கடிக்கும், எஞ்சினின் பெரிய பல்வளையமான ரிங் கியரிலும்தான்.

1912இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த சில வருடங்களுக்குள் பெண்டிக்ஸ் முறை பரவியது. என் வண்டியில் இருப்பதும் அதே தத்துவம். மோட்டார் சட்டென்று சுழலும்போது, பினியன் தன் கனத்தால் பின்தங்கி, திருகுமரை வழியாக நகர்ந்து ரிங் கியரைப் பிடிக்கும். எஞ்சின் கிளம்பியதும் வேகத்தில் பின்னுக்குத் தள்ளப்படும். இதற்கென்று தனி சொலினாய்டு (மின்காந்த) நெம்புகோல் எதுவும் கிடையாது.

மோட்டார் "விர்ர்" என்று சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் திருகுமரையில் படிந்த அழுக்கு. கிளட்ச் தூசியோடு நம் தோட்டத்துச் செம்மண் புழுதியும் சேர்ந்தால் பினியன் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் போதும். "எண்ணெய் விட்டா வழுக்கிக்கிட்டுப் போகும்ணே" என்பார் எங்கள் போமன் (மெக்கானிக்) தம்பி. போகும்தான், ஒரு மாதத்துக்கு. பிறகு அந்த எண்ணெயே புழுதியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். கழுவியும் அதே சத்தம் வந்தால் பெண்டிக்ஸ் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம்.

"கரகர"வென்று அரைத்தால் ரிங் கியர் பல்லைப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின், கம்ப்ரெஷன் காரணமாக, அநேகமாக எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் தேயும். எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடியைப் போட்டு அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி முயலுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் ஸ்டார்ட்டர் மேல் பழி இல்லை. எஞ்சின் இருமிவிட்டு அணைந்ததும், அது முழுசாக நிற்பதற்குள் மறுபடி ஸ்டார்ட்டரைப் போடும் அவசரம்தான் பற்களுக்கு எமன்.

சத்தமே இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு முயலுங்கள். வெளிச்சம் மங்கவே இல்லை என்றால் சுவிட்சிலோ கேபிளிலோ மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. நன்றாக மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், இல்லையென்றால் பினியன் சிக்கிக்கொண்டிருக்கலாம். சிக்கியிருந்தால், ஸ்டார்ட்டரின் பின்முனை மூடியைக் கழற்றினால் தெரியும் சதுரமான தண்டை ஸ்பேனரால் திருப்பி விடுவிக்கலாம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினாலும் விடும். பசார் (சந்தை) முன்னால் அப்படி ஆட்டும்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் தள்ளச் சொல்லலாம்.

மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றுகிறதா? பேட்டரி நல்லது, பேட்டரியை வண்டி உடலோடு இணைக்கும் எர்த் பட்டையும் சுத்தம் என்றால், தண்டைத் தாங்கும் வெண்கல புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சாய்ந்திருக்கும். பினியன் பக்கத்துத் தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கழற்றினால் ஆர்மேச்சரின் மேல் உரசிப் பளபளத்த தடம் இருக்கும். புது புஷ்ஷை அப்படியே அடித்து இறக்காதீர்கள். 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் எண்ணெயில் ஊறப் போட வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, புது கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டிவிடலாமே என்கிறார்கள். தினமும் ஈப்போவுக்கு ஓட்டுபவர் மாட்டட்டும், நியாயம்தான். என் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடலோடு இணைந்திருக்கும். பழைய மோட்டாரின் உள்ளே இருப்பது சுருள்காந்தம் என்பதால் மின்முனை மாறினாலும் ஒரே பக்கம்தான் சுழலும். நிரந்தரக் காந்தம் வைத்த புது மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அதை மாட்டுவதென்றால் முதலில் வண்டி முழுக்க நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும்; அதைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.