வாசலில் அட்டை, வகுப்பில் பதிவேடு: பள்ளி வருகைச் செயலி ஒன்றின் மதிப்பீடு

என் மகள் திருச்சியில் உள்ள ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளி நிர்வாகம் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. அடையாள அட்டை (கருவியின் அருகே காட்டினால் ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் சில்லு பதித்தது), பெற்றோருக்குக் குறுஞ்செய்தி, கைப்பேசிச் செயலி ஆகிய மூன்றையும் சேர்த்து ஆண்டுக்கு 600 ரூபாய்க் கட்டணத்தில் கொண்டுவந்தது. இதே போன்ற சேவையைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே வடிவில் விற்பதால், நிறுவனத்தின் பெயரைவிடச் சேவையின் தன்மையைச் சொல்வதே மற்ற பெற்றோருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மகள் வாசலில் அட்டையைக் காட்டிய அரை நிமிடத்திற்குள் செய்தி வந்துவிடுகிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, பள்ளி அலுவலகம் அவளை உறவினர் ஒருவருடன் வீட்டுக்கு அனுப்பியபோது, அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வருவதற்கு முன்பே, 11.50 மணிக்கு ‘பள்ளியை விட்டு வெளியேறினார்’ என்ற பொருளில் செய்தி வந்துவிட்டது. வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இது உண்மையிலேயே பெரிய ஆறுதல். செயலியின் மாதாந்திரப் பக்கத்தில் வந்த நாள் பச்சையாகவும் வராத நாள் சிவப்பாகவும் தெரிவதால், மாதக் கடைசியில் டயரியைப் புரட்ட வேண்டிய வேலையும் இல்லை.

ஆனால் இந்தச் சேவை பதிவு செய்வது அட்டையின் வருகையைத்தான். பிள்ளையின் வருகையை அன்று. வாசலில் இடுப்புயரக் கம்பத்தில் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அட்டையைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுசென்றால்தான் ‘பீப்’ என்ற ஒலியும் பச்சை விளக்கும் வரும். மகள் அதே உறையில் நூலக அட்டையையும் வைத்திருந்த முதல் இரண்டு வாரங்களில், இரண்டு அட்டைகளும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் கருவியைக் குழப்பியதால், அவள் ஐந்து முறை தேய்த்தும் விளக்கு எரியவில்லை. பின்னால் வரிசை நீள, காவலர் ‘போம்மா, உள்ளே போ’ என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் ‘ஆப்சென்ட்’ என்று எனக்குச் செய்தி வந்தது. மறுபுறம், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று அட்டைகளை விசிறிபோலப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போனதையும், மற்ற இருவரும் அப்போது எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததையும் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்களின் பெற்றோருக்குப் பச்சைச் செய்தி போயிருக்கும்.

தாமதப் பதிவில் இன்னொரு குறை. பள்ளி 8.40க்குத் தொடங்குகிறது, 8.41க்கு அட்டை பட்டாலும் ‘தாமதம்’ என்று பதிவாகிறது. திருவெறும்பூர்ப் பக்கமிருந்து வரும் பள்ளிப் பேருந்து பால்பண்ணைச் சந்திப்பில் நெரிசலில் மாட்டிக்கொண்டால், அந்தப் பேருந்தின் நாற்பது பிள்ளைகளும் ஒரே நொடியில் தாமதக்காரர்களாகிவிடுகிறார்கள். பேருந்து பள்ளியுடையது, ஓட்டுநர் பள்ளியின் ஊழியர், தாமதம் மட்டும் பிள்ளையின் கணக்கில். பேருந்து தாமதம் என்று ஒட்டுமொத்தமாகத் திருத்தும் வசதி செயலியில் இல்லை. வகுப்பாசிரியர் ஒவ்வொரு பெயராகத் திறந்து மாற்ற வேண்டியிருப்பதால், அவர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள் என்று விட்டிருப்பேன், ஆனால் அக்டோபர் நடுவில் செயலி என் மகளின் வருகை 73.8 சதவீதம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை கட்டாயம் என்பதும், மருத்துவக் காரணம், தேசிய அளவிலான விளையாட்டு போன்ற சில சூழ்நிலைகளில் மட்டுமே உரிய ஆவணங்களோடு விலக்குக் கோர முடியும் என்பதும் பத்தாம் வகுப்புப் பெற்றோர் அனைவரும் அறிந்ததே. மறுநாளே வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து நீளமான பழைய வகைப் பதிவேட்டை எடுத்தார். காலைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு அதற்கு எதிர்ச் சாய்கோடு, வராத நாளுக்குச் சிவப்பு மையில் ‘ஏ’. 84 வேலை நாட்களில் செயலி 62 நாட்களை மட்டுமே கணக்கிட்டிருந்தது. மாவட்ட அளவிலான கோ-கோ போட்டிக்குப் பள்ளியே அனுப்பிய ஐந்து நாட்கள் ‘ஆன் டியூட்டி’ என்று பதிவேட்டில் இருந்தன, செயலியில் இல்லை. அட்டை வேலை செய்யாத மூன்று நாட்களும் அப்படியே. சரியான கணக்கு 70 நாட்கள், அதாவது 83.3 சதவீதம். ஆசிரியர் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணி முடித்துவிட்டு, ‘இதைத்தாங்க நாங்க மேலே அனுப்புவோம், அந்த ஆப்பை இல்லை’ என்றார். இதை முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தால் ஓரிரவுத் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

விடுப்பு விண்ணப்பப் பகுதி தனியாகக் கவனிக்கத்தக்கது. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் விண்ணப்பித்தால்தான் செயலி ஏற்றுக்கொள்ளும். விடியற்காலையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு இந்த விதியை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. காரணத்திற்கு உடல்நலக்குறைவு, குடும்ப நிகழ்ச்சி, பிற என்ற மூன்று தேர்வுகள்தாம் உண்டு. மாதவிடாய் வலியால் ஒரு நாள் வீட்டிலிருந்தபோது, ‘உடல்நலக்குறைவு’ என்று போட்டால் மருத்துவச் சான்று கேட்கிறது என்பதால் ‘பிற’ என்று போட்டோம். தாளில் எழுதிய லீவ் லெட்டர் என்றால் ஆசிரியை படித்துவிட்டுத் தலையசைத்திருப்பார்.

அடுத்தது மொழி. எங்கள் வீட்டில் பகல் நேரத்தில் இருப்பவர் என் மாமியார் என்பதால், இரண்டாவது எண்ணாக அவருடையதைக் கொடுத்திருந்தோம். அவருக்கு வருவதெல்லாம் ஆங்கிலச் செய்தி. தமிழில் அனுப்பக் கூடாதா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டபோது, செலவு இரண்டு மடங்காகும் என்றார்கள். அது பொய்யில்லை. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும், தமிழில் 70தான். அதிலும் ஒற்றுப் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால், நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் ‘பள்ளிக்கு’ என்ற சொல் அங்கே ஒன்பது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி இத்தகைய செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும் என்பதால், ஆசிரியர் நினைத்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றி அனுப்ப முடியாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ‘இன்று வரவில்லை’ என்று இரண்டே சொல்லில் தமிழில் ஒரு வாசகத்தைப் பதிவு செய்துவைப்பது முடியாத காரியம் அன்று. பெயரையும் தேதியையும் சேர்த்தாலும் 70க்குள் அடங்கிவிடும்.

தகவல் பாதுகாப்பைப் பற்றியும் கேட்டேன். 18 வயது நிறையாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கட்டண ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைத்தான் எங்கள் ஒப்புதல் என்று காட்டினார்கள். பள்ளியை விட்டு விலகிய பிறகு இந்தப் பதிவுகள் என்னவாகும் என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன். அதில் இரண்டு, வாசல் செய்தியின் வேகத்திற்கு. உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இந்தச் சேவை வருகிறதென்றால், ஆன் டியூட்டி நாட்களை யார், எத்தனை நாளுக்குள் ஏற்றுவார்கள் என்பதையும், செயலியின் சதவீதமும் பதிவேட்டின் சதவீதமும் மாதம் ஒருமுறை ஒத்துப்பார்க்கப்படுமா என்பதையும் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்புக் கடிதங்களின் நகலையும் மருத்துவச் சான்றுகளையும் வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். அட்டையைத் தனி உறையில் போட்டுக் கொடுங்கள். கழுத்துப்பட்டி மாட்டும் ஓட்டை இரண்டு மாதத்தில் கிழிந்துவிடுகிறது, புது அட்டைக்கு 150 ரூபாய் கேட்கிறார்கள். நாங்கள் ஓட்டையைச் சுற்றி செலோடேப் ஒட்டியிருக்கிறோம், இதுவரை தாங்குகிறது.