குதிரைக்குச் சினை நிற்க வைக்கிறேன் என்று வருபவரிடம் கவனம்

நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "கர்ப்பப்பையைக் கழுவி மருந்து ஊற்றினால் அடுத்த முறையே சினை நிற்கும், கேரண்டி" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பைக்கில் சுற்றுகிறார். பெயர் போடப் போவதில்லை. அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், வந்து நின்றாலே அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் குதிரை கிரகரி வாவிப் பக்கம் சவாரி போவது. ஆண் குதிரையோடு சேர்த்தும் சினை நிற்காமல் மறுபடி மறுபடி பருவத்துக்கு வந்தது. வால் முடியில் சீழ் மாதிரி ஒட்டிக் காய்ந்திருக்கும். தோட்டத்தில் மாடு வளர்க்கிற மாமா ஒருவர்தான் இந்த ஆளைச் சொன்னார், மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பழக்கப்பட்டவராம்.

வந்ததும் முழுக் காசையும் முன்னாலேயே கேட்டார். உள்ளிருந்து குச்சியால் மாதிரி எடுக்கிற ஸ்வாப் இல்லை, ஸ்கேன் இல்லை. பச்சைத் தண்ணீரில் பின்பக்கத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, பைக்குள் கிடந்த குழாயை அப்படியே உள்ளே விட்டு, பிளேன்டீ நிறத்தில் அயோடினை ஊற்றினார். அதற்குப் பிறகு இன்னொரு மருந்து. அந்தப் போத்தலை விட்டுவிட்டுப் போனதால்தான் லேபிளைப் பார்க்க முடிந்தது: மாட்டுக்கு ஊசியாகப் போடுகிற என்ரோஃப்ளொக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்.

அன்று இரவே குதிரை முக்க ஆரம்பித்தது. வாலைத் தூக்கியபடியே நின்றது, புல்லைத் தொடவில்லை, இரத்தம் கலந்து வடிந்தது. போன் போட்டால், "பயப்படாத தம்பி, அழுக்கு இறங்குது, நல்லதுதான்" என்றார். அப்புறம் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

பிறகு பதிவு பெற்ற மிருக வைத்தியர் ஒருவரை வரவழைத்தோம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. வெளிக்கிருமி ஒட்டாதபடி உறை போட்ட நீளமான ஸ்வாப்பால் உள்ளிருந்து மாதிரி எடுத்து, பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்பினார். வந்தது ஸ்ட்ரெப்டோகோக்கஸ் சூஎபிடெமிகஸ். பெட்டைக் குதிரைகளின் கர்ப்பப்பையில் அதிகமாகக் காணப்படுகிற கிருமியே இதுதானாம், பெரும்பாலும் பென்சிலினுக்கே அடங்கிவிடும். ஈ கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவையாக இருந்தால் மருந்தும் மாறும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்காமல் ஆன்டிபயாட்டிக்கை ஊற்றிக்கொண்டே போனால் கடைசியில் பூஞ்சை வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைத் துரத்துவது இதைவிடப் பெரிய பாடு.

ஊற்றியதைப் பற்றி வைத்தியர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது. சினை நிற்காத மாட்டுக்கு அயோடின் ஊற்றுவது பழைய பழக்கம்தான், ஆனால் குதிரையின் கர்ப்பப்பை அந்தச் சூட்டைத் தாங்காது, கெட்டியான அயோடின் உட்சுவரையே சுட்டுவிடும். அந்த என்ரோஃப்ளொக்சசின் ஊசி மருந்தும் அப்படித்தான், புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். புண் ஆறும்போது சுவரோடு சுவர் ஒட்டித் தழும்பு விழலாம். ஜென்டமைசின் என்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைப் போடுவதானால்கூட பைகார்பனேட் சேர்த்து அதன் அமிலத்தை முறித்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம்.

உள்ளே புண் இருந்ததால் அடுத்த பருவம் வரை ஆறவிட்டுத்தான் சரியான வைத்தியம் தொடங்கியது. குதிரைக்கு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அந்த நாட்களில் கர்ப்பப்பை வாய் திறந்திருப்பதால் கழுவுவது சுலபம். கிருமி நீக்கிய சேலைனை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு லிட்டராக விட்டு, திரும்பி வருவது தெளியும் வரை கழுவினார். கர்ப்பப்பை சுருங்கி மிச்சத்தை வெளியே தள்ள ஒக்சிடோசின் ஊசி. அதற்குப் பிறகுதான் பென்சிலின், அதுவும் தொடர்ந்து சில நாட்கள்.

இவ்வளவுக்கும் காரணம் வெளியிலேயே இருந்தது. எங்களுடையது வயதான, பல குட்டி போட்ட குதிரை. யோனியின் மேல்பகுதி உள்ளே சாய்ந்துபோய், சாணி அதன்மேல் விழுந்து, காற்றும் அழுக்கும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வைத்தியர் வாலைத் தூக்கிப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். இது அப்படியே இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் கிருமி திரும்ப வரும் என்று மேல்பகுதியை மரக்கச் செய்து தைத்தார். கேஸ்லிக் தையல் என்பார்கள். சினை நின்றால் குட்டி போடுவதற்கு முன் அதைப் பிரித்துவிட வேண்டும், மறந்தால் கிழிந்துவிடும். அந்த ஆளும் அதே இடத்தில்தான் நின்று குழாயை விட்டார், கண் எங்கே இருந்ததோ தெரியாது.

இப்போது வடிவது நின்றிருக்கிறது. தழும்பு எவ்வளவு என்பது கர்ப்பப்பையில் சின்னத் துண்டு எடுத்து பயொப்சி பார்த்தால்தான் தெரியுமாம். காசைத் திருப்பிக் கேட்டு ஆளனுப்பினோம், "குதிரை கிழடு, நான் என்ன செய்ய" என்று பதில் வந்தது. முன்பணம் வாங்கும்போது அந்த வயது அவருக்குத் தெரியவில்லை போல.

உங்கள் குதிரைக்கும் அவர் ஏற்கெனவே ஊற்றிவிட்டுப் போயிருந்தால் போத்தலை எறிந்துவிடாதீர்கள், லேபிளோடு வையுங்கள். நாட்டு மருந்து எதுவும் கொடுக்காமல், முக்குகிறதா, இரத்தம் வருகிறதா, காய்ச்சல் உண்டா என்று பார்த்துக்கொண்டு அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வியே உள்ளே என்ன போனது என்பதுதான்.