பிட்ட வலிக்கு எந்த ஊசி? மருந்தில்லா ஊசி, மருந்தூசி, அக்குபங்சர்: ஓர் ஒப்பீடு

பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் பைக்கில் போய்வருபவர்களிடம் "நரம்பு இழுக்குது" என்ற புலம்பலை அடிக்கடி கேட்கலாம். ஆனால் பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இறங்கும் வலி எல்லாமே முதுகெலும்பின் வட்டு (டிஸ்க்) பிதுங்கியதால் வருவதல்ல. பிட்டத்தின் ஆழத்தில் உள்ள பைரிஃபார்மிஸ் தசை இறுகி, பெரும்பாலானோருக்கு அதன் அடியில் வெளிவந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பை உறுத்துவதாலும் வரலாம். இடுப்பின் பக்கவாட்டில் உள்ள குளூட்டியஸ் மினிமஸ் தசையில் விழும் இறுகிய முடிச்சு, நரம்பைத் தொடாமலேயே கணுக்கால் வரை வலியை அனுப்பவும் கூடும். எனக்கு இருந்தது இந்த இரண்டாவது வகை. வேளச்சேரியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இடுப்பின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தியதும், அவர் கை வைக்காத கெண்டைக்காலில் சுள்ளென்று வலித்தது. எந்த ஊசி என்று யோசிப்பதற்கு முன் இப்படியொரு கைப்பரிசோதனை நடந்தாக வேண்டும். வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ. படத்திலும் வட்டு பிதுக்கம் தெரிவதுண்டு என்பதால், படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

தசை முடிச்சைக் குறிவைக்கும் இரண்டு ஊசிகளில் முதலில் பரவியது மருந்தூசிதான். முடிச்சுகளில் மரப்பு மருந்து செலுத்தும் அந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல். பலருக்கு மருந்தே தேவையில்லை, ஊசி முனை சரியான இடத்தைத் தொட்டாலே வலி தணிகிறது என்று செக் மருத்துவர் கரேல் லெவிட் 1979இல் எழுதினார். இன்று ட்ரை நீடிலிங் எனப்படும் மருந்தில்லா ஊசிக்கு அந்தக் கட்டுரை பெரிய பலமாக அமைந்தது.

இதற்குப் பயன்படும் ஊசி துளையற்றது, தடிமன் 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர்தான். ஆனால் பிட்டத் தசை கனமானது என்பதால் நீளம் 50 முதல் 75 மில்லிமீட்டர் வரை தேவைப்படும். தோலில் நுழைவது தெரியவே இல்லை. முடிச்சைத் தொட்ட கணத்தில் தூண்டிலில் சிக்கிய மீன்போலத் தசை தானாக ஒருமுறை துள்ளியது. அதன் பின் இரண்டு நாள், படியேறும்போதெல்லாம் அடிபட்டது போன்ற வலி இருந்தது. இந்தப் பின்வலியை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் நான் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன்.

மருந்தூசிக்கு வேறொரு பயன் உண்டு: மரப்பு மருந்து இறங்கியதும் வலி மறைந்தால், வலியின் ஊற்று அந்தத் தசைதான் என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் பைரிஃபார்மிஸில் குருட்டாம்போக்கில் போடக்கூடாது, அல்ட்ராசவுண்ட் வழிகாட்டல் வேண்டும். மருந்து நரம்பின் மேல் பரவினால் சில மணி நேரம் கால் மரத்துத் தளரும், வண்டி ஓட்டி வீடு திரும்ப முடியாது. கூடவே ஸ்டீராய்டு கலந்தால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். இவற்றுக்கும் அசையாத வலிக்கு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி இருக்கிறது. செலவு அதிகம், பலன் சில மாதங்களே.

அக்குபங்சரில் ஊசி ஏறக்குறைய அதேதான், கோட்பாடு வேறு. முடிச்சைத் தேடாமல் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகி, இருபது முப்பது நிமிடம் விட்டுவைப்பார்கள். வலியைத் தாங்க அஞ்சுவோருக்கு இது இதமானது. ஆயினும் மேலோட்டமாகச் செருகினால் ஆழத் தசையை எட்டாது. நம்மூரில் விரலால் தொடுவதை மட்டுமே அக்குபங்சர் என்று சொல்வோரும் இருக்கிறார்கள் என்பதால், ஊசி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தசை முடிச்சுதான் காரணம் என்று கைப்பரிசோதனையில் உறுதியானால், என் முதல் தேர்வு மருந்தில்லா ஊசியே. காரணம் ஐயமாக இருந்தாலோ இரண்டு மூன்று அமர்வுகளில் அசைவே இல்லாவிட்டாலோ மருந்தூசி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் எந்த ஊசிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பாதம் தொங்கினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கிடையே மரத்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாது. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த மூன்று ஊசிகளில் எதன் நிவாரணமும் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான் நிற்கிறது. அதற்குள் பிட்டத் தசையை வலுப்படுத்தாவிட்டால் முடிச்சு திரும்பிவிடும். என் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே, உட்காரும்போது பிட்டத்தை அழுத்தும் பின்பாக்கெட் பர்ஸை எடுக்கச் சொன்னார். மூன்றாம் முறை போனபோது ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.